அனுமதி பெறாத தோழமை

பெங்களூர் ராஜாஜிநகரில் இருக்கும் மயூரத்வஜா நகரக் கூட்டுறவு வங்கிக்கு ஒரு மே மாதத்தில் திடீரென்று மனிதர்கள் மேல் அன்பு பிறந்தது. அதற்கு முந்தைய ஐம்பது வருடங்களில் அந்த வங்கியின் மேல் அப்படி ஒரு புகார் வந்ததே இல்லை.

காரணம் இல்லாமல் இல்லை. பக்கத்துச் சாலையில் இருந்த போட்டி வங்கிக்காரர்கள் வாசலில் மூன்று தொட்டிச் செடிகளை வைத்து, 'பசுமை வங்கி' என்று டெல்லிக்குப் போய் விருது வாங்கி வந்துவிட்டார்கள். அந்த வங்கியின் தலைவர் நட்சத்திர ஓட்டலில் மாலையும் கழுத்துமாக நிற்கும் படம் பேப்பரில் வந்த அன்று, மயூரத்வஜாவின் தலைவர் ரேவணசித்தப்பா மேசைக்கு வந்த காராபாத் உப்புமாவைத் தொடவில்லை. துக்கத்தில் கேசரிபாத்தை மட்டும் சாப்பிட்டார். பிறகு மனிதவள அதிகாரி மிருணாளினி ஹெப்பாரைக் கூப்பிட்டனுப்பினார்.

"அந்த டெல்லிக்காரங்க வேற என்னென்ன விருது தர்றாங்க?"

"பெண்கள் முன்னேற்றம் ஒண்ணு இருக்கு ஸார், அதுக்கு ஏகப்பட்ட போட்டி. கிராம வளர்ச்சிக்கு அதைவிடப் போட்டி. 'ஆண்டு முழுவதும் தோழமை'ன்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு இன்னும் ஒருத்தரும் விண்ணப்பிக்கல."

"அதென்ன தோழமை?"

"திருநங்கைகள், பால்புதுமையினர், இவங்க பக்கம் நிக்கற வங்கிக்குத் தர்றது ஸார். ஜூன் மாசம் வானவில் கொடி கட்டிட்டு ஜூலையில அவுத்துடக் கூடாது. வருஷம் பூரா நிக்கணும்."

ரேவணசித்தப்பா விரலைச் சப்பிக்கொண்டே யோசித்தார். "ஒருத்தரும் போட்டிக்கு இல்லன்னு உறுதியாத் தெரியுமா?"

"தெரியும் ஸார்."

"சின்ன வயசிலேருந்தே எனக்கு அவங்க மேல ஒரு இது உண்டும்மா," என்றார் தலைவர்.

ஒரே ஒரு சிக்கல். விருதின் விதிப்படி அப்படிப்பட்டவர் ஒருவராவது வங்கியில் வேலை செய்ய வேண்டும். உடனே சுற்றறிக்கை போனது: 'நமது ஊழியர்களில் மேற்படி வகையினர் எவரேனும் இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்கவும். தெரிவிக்காதவர்கள் மேற்படி வகையினர் அல்லர் என்று கருதப்படுவார்கள்.' கடன் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்த்த ஒருவர் அந்தச் சுற்றறிக்கையை இரண்டு முறை படித்தார். மடித்து மேசை டிராயருக்குள் வைத்துவிட்டு, அன்றிலிருந்து முன்னைவிடக் குனிந்து கணக்கு எழுதத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை வந்தது, போனது. வங்கி வெளியே ஆள் தேடியது.

அப்படித்தான் ஹேமாவதிக்கு அந்த வேலை கிடைத்தது.

ஹேமாவதிக்குச் சொந்த ஊர் திப்டூர். பி.காம். படித்துவிட்டு அங்கே ஒரு கொப்பரை மண்டியில் கணக்கு எழுதினாள். தான் யார் என்று வீட்டுக்கும் ஊருக்கும் சொல்லிப் புடவை கட்டிய மாதமே மண்டிக்காரர் கணக்கை வேறொருவரிடம் கொடுத்துவிட்டார். பெங்களூருக்கு வந்து அவள் பார்க்காத வேலை இல்லை. காமாட்சிபாளையாவில் வீட்டுக்காரர் ஒருவர் வாடகைக்கு அறை தரமாட்டேன் என்று கதவைச் சாத்தப் போனவர், "பேங்க்ல வேலையா? முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்று முழுக்கத் திறந்தார். வேலை போனால் அந்தக் கதவும் சாத்திக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும்.

நேர்முகத் தேர்வுக்காக அவள் கூட்டு வட்டியைப் புரட்டிப் படித்துவிட்டுப் போயிருந்தாள். பொது மேலாளர் வாதிராஜ் கேட்டது ஒரே கேள்வி. "ஏழு கலர்ல புடவை இருக்கா?"

முதல் நாள் அவளுக்கு மாலை போட்டார்கள். மைசூர் பேட்டா தலைப்பாகையை ஏழு நிறத்தில் கட்டி அவள் தலையில் வைத்தார்கள். தெருவில் போகிறவர்களுக்குத் தெரியும்படி கண்ணாடிச் சுவரை ஒட்டி மேசை போட்டுக் கொடுத்தார்கள். மதியம் வரைக்கும் எல்லாம் அழகாகத்தான் போயிற்று. மதியம் அவளுக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது.

வாதிராஜ் திடுக்கிட்டார். மாலை, பேட்டா, புகைப்படக்காரர், பாதாம் பால் எல்லாவற்றையும் யோசித்திருந்தார். இதை யோசிக்கவில்லை.

"ஆம்பளைங்களோடது வேண்டாம். உங்க மனசு புண்படும்," என்றார்.

"சரிங்க ஸார். பெண்களோடதுக்குப் போறேன்."

"அதுக்கு அவங்க மனசு புண்படுமான்னு பார்க்கணும்."

"அவங்களைக் கேட்டீங்களா ஸார்?"

"கேட்டா புண்பட்டுட்டா?" என்றார் வாதிராஜ். "ஒரு குழு போடறோம். நல்ல முடிவா எடுப்பாங்க. அதுவரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க."

குழு கூடிக் கூடிப் பேசியது. ஹேமாவதி சாலையைத் தாண்டி எதிரில் இருந்த தர்ஷினி ஓட்டலுக்குப் போனாள். அங்கே ஏதாவது வாங்கினால்தான் பின்பக்கக் கதவைத் திறப்பார்கள். எனவே போகும்போதெல்லாம் ஒரு காபி குடித்தாள். காபி குடித்ததால் இன்னும் அடிக்கடி போக வேண்டி வந்தது. சில வாரங்களில் அவள் தண்ணீர் குடிப்பதையே விட்டாள்.

ஜூன் கடைசியில் குழு நல்ல முடிவாக எடுத்தது. பழைய ஆவண அறையை இடித்து, 'சர்வ சமத்துவ கழிப்பறை' என்று ஒன்று கட்டினார்கள். இத்தாலியப் பளிங்கு, தானாகத் தண்ணீர் வரும் குழாய், சுவரில் மயில். கல்வெட்டில் தலைவர் பெயர் ஒரு முழ உயரம். நாதஸ்வரம் வைத்துத் திறப்பு விழா நடந்தது. ரேவணசித்தப்பா ரிப்பனை வெட்டிவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நான் இவங்களை என்னைக்குமே வித்தியாசமாப் பார்த்ததில்ல. சிக்னல்ல கார் நிக்கும்போது கண்ணாடியை ஏத்திப்பேன், ஒத்துக்கறேன். ஆனா மனசோட கண்ணாடியை ஒருநாளும் ஏத்தினதில்ல. இந்தப் பொண்ணு எனக்கு மகள் மாதிரி. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியாது, அது வேற விஷயம். வீட்ல பெரியவங்க இருக்காங்க. ஆனா வீடுன்னா என்ன? இந்த வங்கிதான் வீடு. இதோ, இந்த அறைதான் வீடு!"

எல்லோரும் கழிப்பறையைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

விழா முடிந்து கூட்டம் ஒப்பட்டுப் போளி சாப்பிடப் போனதும் ஹேமாவதி உள்ளே போகப் பார்த்தாள். கதவில் பூட்டுத் தொங்கியது.

"சாவி தலைவர்கிட்ட இருக்கு," என்றார் வாதிராஜ். "ஜனவரியில டெல்லியிலேருந்து நடுவர் வருவாங்க. அப்பப் புத்தம் புதுசா இருக்கணும் இல்லையா? உபயோகிச்சா பழசாயிடும்."

"ஸார், இது எனக்காகத்தானே கட்டினது?"

"உங்களுக்காகத்தாம்மா. அதனாலதான் இவ்வளவு பத்திரமா வச்சிருக்கோம்."

அதன்பின் வாடிக்கையாளர்களை அழைத்து வந்து காட்டினார்கள். வைப்புத்தொகை அதிகமாகப் போட்டவர்களுக்குக் கதவைத் திறந்து மயிலைக் காட்டினார்கள். மாதத்தின் முதல் திங்கட்கிழமை எல்லா ஊழியர்களும் அதன் முன் வரிசையாக நின்று நெஞ்சில் கை வைத்துத் தோழமை உறுதிமொழி எடுத்தார்கள். 'இந்த மாதத்தின் தோழர்' என்று ஒரு பதக்கம் வேறு. ஜூலையில் அதைத் தலைவர் பெற்றார். ஆகஸ்டில் தலைவரின் மனைவி பெற்றார். செப்டம்பரில் ஆஸ்திரேலியாவில் இருக்கும் அவர்களுடைய மகன் தொலைபேசி வழியாகப் பெற்றான்.

ஊழியர்களுக்குப் பயிற்சி நடந்தது, தேர்வு நடந்தது, தேறியவர்களுக்கு வானவில் பட்டை போட்ட சான்றிதழ் கிடைத்தது. தேறாத ஒரே ஆள் தலைமைக் காசாளர் யமுனாபாய். தேர்வு நேரத்தில் கவுண்டரில் ஓய்வூதியக்காரர்கள் வரிசை வாசல் வரை நின்றது. "இவங்க நிக்கட்டும், நீ போய் அன்பு காட்டக் கத்துக்கோன்னு சொன்னா நான் எங்க போக?" என்று அவள் எழுந்திருக்கவே இல்லை.

யமுனாபாய்க்கு ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. வாய் நீளம். எதையெல்லாம் கேட்கக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் சொல்லிக் கொடுத்த அத்தனையையும் ஹேமாவதி சேர்ந்த முதல் வாரத்திலேயே கேட்டு முடித்திருந்தாள்.

"ஏண்டி, உனக்குப் பொறந்தப்ப வச்ச பேரு என்ன?"

ஹேமாவதி குனிந்து பேரேட்டில் ஒரு பக்கத்தைப் புரட்டினாள்.

"சொல்ல வேண்டாம்னா விடு. எங்க வீட்டுக்காரர் பேரையே நான் யார்கிட்டயும் சொன்னதில்ல," என்று யமுனாபாய் நோட்டு எண்ணப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை அவள் கேட்கவில்லை. மதியத்தில் தன் டப்பாவிலிருந்து பாதியை மட்டும் கேட்காமலே தள்ளி வைப்பாள்.

அக்டோபரில் ஒரு நாள் ஹேமாவதிக்குக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு நடுங்கியது. அடிவயிறு கத்தியால் கீறுவது போல் வலித்தது. சிறுநீரில் தொற்று, நிறையத் தண்ணீர் குடி என்று டாக்டர் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். டாக்டருக்கு வங்கியைப் பற்றி என்ன தெரியும்?

யமுனாபாய் பணப்பெட்டியைச் சாத்திவிட்டு வந்து அவள் நெற்றியைத் தொட்டாள். "அடுப்பு மாதிரி கொதிக்குது. தண்ணி குடிச்சியா?"

"குடிச்சா போகணுமே அக்கா."

"போயேன்."

"எதிர்ல ஓட்டல் மூடியிருக்கு. சாமி ஊர்வலமாம்."

ஓட்டலுக்கு எதற்கு என்பது யமுனாபாய்க்கு அப்போதுதான் விளங்கியது. "நாலு மாசமா ரோட்டைத் தாண்டிப் போறது இதுக்கா? காபிப் பைத்தியம்னு நினைச்சேனேடி! எந்திரி."

"அங்க நான் போகக் கூடாதுன்னு..."

"எந்திரிங்கறேன்!"

கையைப் பிடித்துப் பெண்கள் கழிப்பறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே கண்ணாடி முன் நின்றிருந்த டைப்பிஸ்ட் பெண் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். வாதிராஜ் பயந்த புண் எதுவும் அவள் மனதில் தென்படவில்லை. "ஹேமா, உன்கிட்ட ஊக்கு இருக்கா? பின்னு விட்டுப்போச்சு," என்றாள். ஹேமாவதி தன் புடவையிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, வலியாலா வேறு எதனாலா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அழுதாள்.

அன்று முதல் அவள் தண்ணீர் குடித்தாள். காய்ச்சல் இறங்கியது. யாருக்கும் ஒன்றும் நேரவில்லை என்பதால் நிர்வாகத்துக்கு விஷயம் தெரிய இரண்டு மாதம் ஆயிற்று. தெரிந்ததும் பெண்கள் கழிப்பறைக் கதவில் ஒரு தடைச் சுற்றறிக்கையை ஒட்டினார்கள். மறுநாளே யாரோ அதன் மேல் பெரிய வரமகாலட்சுமி படத்தை ஒட்டிவிட்டார்கள். லட்சுமியைக் கிழிக்க வாதிராஜுக்குத் தைரியம் இல்லை. யமுனாபாய்க்கு மெமோ கொடுத்தார். குற்றம்: உரிய சான்றிதழ் இல்லாமல், முன் அனுமதி பெறாமல், அலுவலக நேரத்தில் தோழமையில் ஈடுபட்டது.

விசாரணை டிசம்பரில் நடந்தது. நடுவில் தலைவர், இந்தப்பக்கம் வாதிராஜ், அந்தப்பக்கம் மிருணாளினி ஹெப்பார். ஹேமாவதியைப் 'பாதிக்கப்பட்டவர்' என்று எழுதிய நாற்காலியில் உட்கார வைத்தார்கள்.

"தேர்வு எழுதாத நீங்க எந்தத் தகுதியில இவங்களுக்குத் துணை போனீங்க?" என்றார் வாதிராஜ்.

"அவளுக்கு வந்தது ஒண்ணுக்கு ஸார். அதுக்கு என்ன தகுதி வேணும்?" என்றாள் யமுனாபாய்.

ஹெப்பார் காதைப் பொத்திக்கொண்டாள். "பாருங்க ஸார், எவ்வளவு உணர்வில்லாத வார்த்தை! இவங்க 'டி' போட்டுப் பேசறாங்க. பாதி டப்பா சாதத்தைத் தள்ளி வைக்கறாங்க, எங்ககிட்ட சாட்சி இருக்கு. தோழமைன்னா ஒரு முறை இருக்கு. நாங்க அதுக்கு வருஷாந்திரத் திட்டமே போட்டிருக்கோம். ஆளாளுக்கு தோணினபடி நல்லவங்களா இருந்தா திட்டம் என்ன ஆகறது?"

தலைவர் வருத்தத்தோடு தலையாட்டினார். "யமுனாபாய், நான் அந்த அறைக்கு எவ்வளவு செலவு பண்ணியிருக்கேன். நீங்க ஒத்தை பைசா செலவில்லாம இந்தப் பொண்ணுக்கு வழி பண்ணிட்டா, என்னை நாலு பேர் என்ன நினைப்பாங்க? நல்ல காரியம் பண்றவனை இப்படியா அவமானப்படுத்தறது?"

பிறகு ஹேமாவதி பக்கம் திரும்பினார். "உனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகலம்மா. அடுத்த மாசம் நடுவர் வருவாங்க. அந்த அறையை தினமும் உபயோகிக்கறேன், சொர்க்கம் மாதிரி இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லு. உன் வேலையும் நிக்கும், இந்தம்மா மெமோவும் கிழிஞ்சுடும்."

வெளியே வந்ததும் யமுனாபாய் சொன்னாள். "சொல்லித் தொலையேன். ஒரு பொய்தானே? எனக்காக இல்ல. உன் ரூமுக்காக."

"சரிக்கா," என்றாள் ஹேமாவதி. உண்மையிலேயே சொல்லிவிடுவது என்றுதான் முடிவு செய்திருந்தாள்.

நடுவர் வருவதற்கு முந்தின சனிக்கிழமை, விருதுக்குப் பன்னிரண்டு மாதப் புகைப்படங்கள் வேண்டும், கையில் இருப்பதோ எட்டு மாதம் என்பது தெரிய வந்தது. எனவே பிப்ரவரி, மார்ச், ஏப்ரல், மே ஆகிய நான்கு மாதங்களையும் அன்று மதியத்துக்குள் கொண்டாடி முடித்தார்கள். நான்கு உறுதிமொழி, நான்கு கேக். மாதம் மாறும்போதெல்லாம் தலைவர் சட்டையை மாற்றினார். ஹேமாவதி நான்கு புடவை மாற்றினாள். ஏப்ரலில் கொஞ்சம் வியர்த்தால் நன்றாக இருக்கும் என்று புகைப்படக்காரர் சொன்னதால், எல்லோர் முகத்திலும் தண்ணீர் தெளித்தார்கள்.

டெல்லியிலிருந்து வந்த நடுவர் ஒரு பெரிய அம்மாள். கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் மாட்டியிருந்தார். மாலையும் சால்வையும் பழக்கூடையும் வாங்கிக்கொண்டு, ஊழியர்கள் புடைசூழக் கழிப்பறை முன்னால் வந்து நின்றார். ஹேமாவதியின் தோளில் கை போட்டார்.

"சொல்லும்மா. உள்ள எப்படி இருக்கு?"

ஹேமாவதி மனப்பாடம் செய்ததைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். பூட்டு கண்ணில் பட்டது. அதைப் பளபளவென்று துடைத்து, அதற்கும் ஒரு ரோஜாப்பூ வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததும் அவளுக்கு இத்தனை மாதம் சாலையைத் தாண்டியதெல்லாம் நினைவுக்கு வந்தது. சொர்க்கம் என்ற வார்த்தை வரவில்லை.

"எனக்குத் தெரியாதும்மா," என்றாள். "திறந்து விட்டீங்கன்னா போயிட்டு வந்து சொல்றேன்."

நாதஸ்வரக்காரர்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டார். வாதிராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை மாசம் நீ உள்ள போனதே இல்லையா?" என்றார் நடுவர்.

"இல்லைங்க. கட்டினதிலேருந்து பூட்டுத்தான். ஓட்டலுக்குப் போனேன், உடம்புக்கு வந்துச்சு. அப்புறம் யமுனாக்கா கூட்டிட்டுப் போச்சு, பெண்களோடதுக்கு. அதுக்கு அக்காவுக்கு மெமோ குடுத்திருக்காங்க."

சொல்லி முடித்ததும் காமாட்சிபாளையா அறையின் கதவு மனதுக்குள் சாத்திக்கொள்ளும் சத்தம் அவளுக்குக் கேட்டது. யமுனாபாய் கூட்டத்தின் பின்னால் நின்று வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டிருந்தாள். அழுகையா சிரிப்பா என்று யாருக்கும் தெரியவில்லை.

நடுவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். ஹேமாவதியை உற்றுப் பார்த்தார். பிறகு ரேவணசித்தப்பாவின் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"அற்புதம்!" என்றார். "எத்தனை ஊர் போயிருக்கேன். எல்லா இடத்திலயும் 'ஆகா ஓகோ'ன்னுதான் சொல்லுவாங்க. ஒரு கடைநிலை ஊழியர், தலைவரை வச்சுக்கிட்டே இவ்வளவு தைரியமாக் குறை சொல்றாங்கன்னா, இங்க எவ்வளவு சுதந்திரம் இருக்கணும்! இதுக்கே தனி மதிப்பெண் போடணும்."

ரேவணசித்தப்பா ஒரு கணம் விழித்தார். ஒரே கணம்தான். "அதுக்காகத்தான் பூட்டியே வச்சோம் மேடம்," என்றார்.

விருது கிடைத்துவிட்டது. விருது பெற்ற வங்கி, சம்பந்தப்பட்ட ஊழியரை வேலையை விட்டு நீக்கினால் விருதைத் திருப்பித் தர வேண்டும் என்று விதி இருந்ததால், ஹேமாவதியின் வேலையை நிரந்தரமாக்கினார்கள். யமுனாபாய் விஷயத்தில் அப்படி விதி எதுவும் இல்லை. அவளுடைய அந்த வருட இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள். விருதுக் கோப்பையை வைக்கத் தகுதியான இடம் வங்கியில் வேறு எதுவும் இல்லை என்று குழு முடிவெடுத்து, சர்வ சமத்துவ கழிப்பறையின் குழாய்களைப் பிடுங்கி, உள்ளே ஒரு கண்ணாடிப் பேழை செய்தார்கள்.

"என்னால உங்களுக்கு நஷ்டம் அக்கா," என்றாள் ஹேமாவதி.

"போடி. ஊர்ல எத்தனை பேருக்கு இந்தக் குத்தத்துக்குத் தண்டனை கிடைச்சிருக்கும்? என் பேத்திகிட்ட சொல்லிப் பெருமையடிப்பேன்," என்றாள் யமுனாபாய். சொல்லிவிட்டு டப்பாவைத் திறந்து பாதியைத் தள்ளி வைத்தாள். பட்டாணிப் பொரியலில் உப்பு அதிகம் என்று இருவரும் சண்டை போட்டார்கள்.

மார்ச் மாதம் தலைவரும் மனைவியும் வாதிராஜும் ஹெப்பாரும் டெல்லிக்குப் போனார்கள். விமானத்தில் ஹேமாவதிக்கு இடம் இல்லாமல் போய்விட்டது. விழாவை வங்கிக் கூடத்துத் தொலைக்காட்சியில் நேரடியாகப் போட்டார்கள். ஓய்வூதிய நாள் என்பதால் கூடம் நிரம்பி வழிந்தது. திரையில் ரேவணசித்தப்பா ஏழு நிறப் பேட்டாவோடு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இந்த விருது எனக்கு இல்ல. எங்க வங்கியில ஒரு பொண்ணு இருக்கா. அவ பேரு... அவ பேரு..." வாதிராஜ் பின்னாலிருந்து காதில் ஏதோ சொன்னார். "ஹேமலதா! பன்னிரண்டு மாசமும் அவ பக்கத்திலயே நின்னேன். எங்க ஹேமலதா எனக்கு நன்றி சொல்லாத நாளே கிடையாது!"

டெல்லியில் கைதட்டல் நிற்கவில்லை. கவுண்டரில் நின்றிருந்த ஓய்வூதியக்காரர் ஒருவர் திரையைப் பார்த்துவிட்டு, கண்ணாடிக்கு இந்தப்பக்கம் குனிந்து கேட்டார்.

"யாரும்மா அந்த ஹேமலதா? கொடுத்து வச்சவ."

"இங்க அப்படி யாரும் இல்லைங்க ஐயா," என்றாள் ஹேமாவதி. "கையெழுத்து கொஞ்சம் மாறியிருக்கு. இன்னொரு தடவை போடுங்க."